காத்தை எண்ணும் சென்சாரும் கணக்கு நோட்டும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன தடவை மேடையில் கறவை மாடு பத்தியும் தையல் பத்தியும் பேசினாங்க. என்னை வண்டி ரிப்பேர் பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க. நான் பத்தாவது வரை படிச்சவள். வீட்டு வேலை, ரெண்டு பிள்ளைகள், குழுவில் கணக்கு எழுதுறது, இதுதான் என் வேலை. ஸ்பானர் பிடிச்சதில்லை. ஆனாலும் எங்கள் காரில் ஒரு சின்னக் கோளாறைக் கண்டுபிடித்த விதம் உங்களுக்கும் உதவும் என்று தலைவி அக்கா நினைத்தார்கள். அதனால் பேசுகிறேன்.

நம்ம கூட்டமைப்பில் வண்டிக்குக் கடன் வாங்கினவங்க நிறைய பேர் இருக்கோம். சிலர் வீட்டில் லோடு ஆட்டோ, சிலர் வீட்டில் பூ ஏத்திக்கிட்டு நிலக்கோட்டை மார்க்கெட்டுக்குப் போற வேன், எங்க வீட்டில் வாடகைக் கார். வண்டி ஒரு நாள் நின்னா அன்னைக்கு வருமானம் இல்லை. தவணை நிற்காது. ஒருத்தர் தவணை தவறினா அவங்க குழு முழுசும் பதில் சொல்லணும். அதனால வண்டி ரிப்பேர் என்பது ஆம்பளைங்க விஷயம் மட்டும் இல்லை. கடன் யார் பேரில் இருக்கோ அவங்க விஷயமும்தான்.

எங்கள் கார் 2014 மாடல் டீசல் வண்டி, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. குழுக் கடன் ஒரு லட்சம், மீதிக்கு என் நகையை அடகு வைத்தோம். குழுவுக்கு மாதம் 4,700 ரூபாய் தவணை. வீட்டுக்காரர்தான் ஓட்டுகிறார். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்குச் சுற்றுலா ஆட்கள், மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், கல்யாண வாடகை, இப்படி ஓடும்.

வண்டி வாங்கின முதல் மாசத்திலிருந்தே நான் ஒரு நோட்டுப் போட்டேன். குழுவில் சேமிப்பு, சந்தா, உள் கடன் என்று கட்டம் போட்டு எழுதிப் பழகின கை, சும்மா இருக்காது. டேங்கை நிரப்பும்போது கிலோமீட்டரைக் குறிக்கணும். அடுத்த தடவை மறுபடியும் நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடிச்சது, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு என்று எழுதி வகுக்கணும். அவ்வளவுதான் கணக்கு. ஆவணி மாசம் 540 கிலோமீட்டருக்கு 30 லிட்டர், அதாவது லிட்டருக்கு 18. புரட்டாசியில் 17. ஐப்பசியில் அதே 30 லிட்டருக்கு 450தான் ஓடியது. லிட்டருக்கு 15. பழையபடி ஓடியிருந்தா 25 லிட்டர் போதும். 5 லிட்டர் கூட. டீசல் 90 ரூபாய்க்கு மேல விக்குது, ஒவ்வொரு டேங்குக்கும் 450 ரூபாய்க்கு மேல நஷ்டம்.

அதே சமயத்தில் வீட்டுக்காரரும் சொன்னார், “வண்டில இழுவையே இல்ல. டம்டம் பாறை ஏத்தத்துல ரெண்டாவது கியர்லயே மாரடிக்க வேண்டியிருக்கு” என்று. ஸ்டார்ட் ஆவது சரி, நின்ன இடத்தில் ஓடுவது சரி, சமதளத்தில் மெதுவாகப் போனாலும் சரி. ஏத்தம் வந்தால்தான் மூச்சு வாங்கும்.

ஒரு ஒர்க் ஷாப்பில் காட்டினோம். ஓட்டிப் பார்த்துவிட்டு, “டர்போ போயிருச்சு, மாத்தணும், 38,000 ஆகும்” என்றார்கள். வீட்டுக்காரர் முகம் வாடிப்போச்சு. மீட்ட சங்கிலியை மறுபடியும் அடகு வைக்க வேண்டியதுதான் என்ற நிலை. நான் ஒன்றுதான் கேட்டேன்: “எதை வச்சு டர்போன்னு சொல்றீங்க?” “அனுபவம்மா” என்று பதில் வந்தது. அனுபவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் குழுவில் யாராவது 38,000 கடன் கேட்டால், காரணம் எழுதாமல் நாம் தீர்மானம் போடுவோமா? காரணம் தெரியாமல் கொடுக்க வேண்டாம் என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தோம்.

பிறகு ஐடிஐ படித்துவிட்டுச் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பியிடம் போனோம். அந்தத் தம்பி செய்ததை நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன், கேட்டேன், எழுதினேன். அதைத்தான் வரிசையாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் எஞ்சின் எப்படி மூச்சு விடுகிறது என்று தெரியணும். விறகடுப்பில் காற்று போக வழி இல்லாமல் விறகைத் திணித்தால் என்ன ஆகும்? புகையும், பாத்திரம் கரி பிடிக்கும். எஞ்சினும் அப்படித்தான். டீசல் எவ்வளவு விடலாம் என்பது, உள்ளே எவ்வளவு காற்று வந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. பழைய வண்டிகளில் இதை இரும்புச் சாமான்களே பார்த்துக்கொண்டன. இப்போதைய வண்டிகளில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பார்க்கிறது. அந்தக் கம்ப்யூட்டருக்குக் காற்றை எண்ணிச் சொல்கிற ஆள்தான் ஏர் ஃப்ளோ சென்சார். ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து கிளம்பும் குழாயில், பெட்டிக்குப் பக்கத்திலேயே, ஒயர் சொருகியபடி உட்கார்ந்திருக்கும்.

அது எப்படிக் காற்றை எண்ணுகிறது? தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே சூட்டில் வைத்திருக்கணும். ஃபேன் போட்டால் கல் ஆறும், தீயைக் கூட்டுவோம். ஃபேனை இன்னும் வேகமாக வைத்தால் இன்னும் கூட்டணும். தீயை எவ்வளவு கூட்டினோம் என்று பார்த்தாலே எவ்வளவு காற்று வீசியது என்று சொல்லிவிடலாம். சென்சாருக்குள்ளும் மெல்லிய கம்பியோ, தகடு மாதிரி ஒரு படலமோ சூடாக இருக்கும். காற்று பட்டு அது ஆறும். அதே சூட்டில் வைத்திருக்க எவ்வளவு கரண்ட் வேண்டியிருக்கிறதோ, அதை வைத்துக் காற்றின் எடையைக் கம்ப்யூட்டர் கணக்குப் போடும்.

எடை என்று ஏன் சொல்கிறேன்? கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்று லேசு. கடல் மட்டத்தில் இருக்கிற எடையில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஒரு படி காற்று என்றால் மலையிலும் ஒரு படிதான், எடைதான் மாறும். எரிவதற்கு வேண்டியது எடைதான். அதனால்தான் இந்தச் சென்சார் வைத்திருக்கிறார்கள்.

சரி, இந்த ஆள் குறைத்து எண்ணினால்? காற்று நிறைய வந்தாலும் “கொஞ்சம்தான் வந்திருக்கு” என்பார். கம்ப்யூட்டர் நம்பி, டீசலைக் குறைத்துவிடும். வண்டி இழுக்காது. டிரைவர் சின்ன கியரிலேயே அழுத்தி அழுத்தி ஓட்டுவார், மைலேஜ் குறையும். கூட்டி எண்ணினால் தலைகீழ். டீசல் கூடுதலாகப் போய்க் கரும்புகை வரும். எங்கள் வண்டியில் புகை இல்லை, இழுவைதான் இல்லை. தம்பி முதலில் கேட்டதே அதுதான்: “அக்கா, புகை அடிக்குதா?” நாங்கள் இல்லை என்றதும் அவர் தலையாட்டினார். டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகிற குழாய் கிழிந்திருந்தால், எண்ணிய காற்று வழியிலேயே வெளியே போய்விடும், டீசலுக்குக் காற்று பத்தாமல் கரும்புகை வரும். அது இல்லை என்பது ஒரு சின்ன சாட்சி.

இனி சோதனைகள். காசு ஆகாததிலிருந்து ஆரம்பித்தார்.

முதல் சோதனை, ஏர் ஃபில்டர் பெட்டி. திறந்து பார்த்தால் ஒரு பக்கக் கிளிப் உடைந்து, மூடி சரியாகப் படியாமல் இருந்தது. ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு தூசி உள்ளே போன தடம் மாவு மாதிரி படிந்திருந்தது. இதை மனசில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

இரண்டாவது, சென்சாருக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாய். அதில் வெடிப்பு இருந்தால் எண்ணாத காற்று குறுக்கு வழியில் உள்ளே போய்விடும். சென்சார் நல்லா இருந்தும் குறைத்துச் சொல்வது போலத் தெரியும். கழற்றி, வளைத்து, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். வெடிப்பு இல்லை.

மூன்றாவது, ஒயர். சாவியை அணைத்துவிட்டு சாக்கெட்டைக் கழற்றி, முள் துருப்பிடித்திருக்கிறதா, ஒயர் உரசி இற்றிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு மீட்டர் வைத்து, பேட்டரிக் கரண்ட் வருகிறதா, எர்த் சரியா என்று பார்த்தார். எல்லாம் சரி. ஒயர் கோளாறுக்குப் புது சென்சார் மாட்டி ஏமாறுகிறவர்கள் உண்டு என்று சொன்னார்.

நான்காவது, ஸ்கேனர். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முள்ளுக்கான ஒரு சாக்கெட் இருக்கிறது. அதில் சொருகினால் கம்ப்யூட்டர் எழுதி வைத்திருக்கும் கோளாறு எண்கள் தெரியும். எங்களுக்கு வந்தது பி 0101. ஏர் ஃப்ளோ சென்சார் சம்பந்தமான எண்கள் பி 0100 முதல் 0104 வரை. 0101 என்றால் சென்சார் சொல்லும் கணக்கு, இருக்க வேண்டிய அளவுக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம். டர்போ அழுத்தம் பத்தவில்லை என்றால் பி 0299 என்று ஓர் எண் உண்டு. அது வரவில்லை.

இங்கே நான் ஒன்றைக் கவனித்தேன். எண் வந்ததும் தம்பி “சென்சார் போச்சு” என்று சொல்லவில்லை. “எண் தீர்ப்பு இல்லக்கா, புகார் மனு மாதிரி. விசாரிச்சாத்தான் தெரியும்” என்றார். ஃபில்டர் அடைப்புக்கும் குழாய் வெடிப்புக்கும்கூட இதே எண் வரலாமாம்.

ஐந்தாவதுதான் முக்கியம், ஓட்டிக்கொண்டே அளவு பார்ப்பது. வீட்டுக்காரர் ஓட்டினார். தம்பி பக்கத்தில் ஸ்கேனரோடு, நான் பின் சீட்டில் நோட்டோடு. மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கச் சொன்னார். சிலிண்டர் ஒவ்வொரு தடவை மூச்சு இழுக்கும்போதும் எத்தனை மில்லிகிராம் காற்று வருகிறது என்று ஸ்கேனர் காட்டும்.

கணக்கு இப்படி. எங்கள் எஞ்சின் சுமார் 1,200 சிசி, நாலு சிலிண்டர். ஒன்றுக்கு 300 சிசி. நம்ம ஊர் வெயிலில் ஒரு லிட்டர் காற்று ஏறக்குறைய 1.1 கிராம் எடை. அப்போ 300 சிசிக்கு 330 மில்லிகிராம். இது டர்போ தள்ளாதபோது. டர்போ அழுத்தத்தைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்கினால் காற்றும் கூடணும். சூடாகி விரிவதைக் கழித்தால், மோட்டாவாக 600 பக்கம் வரணும்.

எங்களுக்கு எவ்வளவு வந்தது தெரியுமா? 380. மூணு தடவை ஓட்டியும் 380ஐத் தாண்டவில்லை. அதே நேரத்தில் அழுத்தம் காட்டுகிற இன்னொரு சென்சாரைப் பார்த்தார். அது ஒன்றிலிருந்து 1.9 வரை ஏறியது. வெளிக்காற்றைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு!

அக்கா தங்கச்சிகளே, இதைக் கேட்டதும் எனக்கு நம்ம குழுக் கணக்குதான் ஞாபகம் வந்தது. வங்கிப் பாஸ்புக்கில் பணம் ஏறியிருக்கிறது, நம்ம ரொக்கப் புத்தகத்தில் ஏறவில்லை. பணம் வரவில்லை என்றா சொல்வோம்? எழுதினதில் தப்பு என்போம். டர்போ காற்றைத் தள்ளுகிறது என்று அழுத்தம் சொல்கிறது. வரவில்லை என்று ஏர் ஃப்ளோ சென்சார் சொல்கிறது. நடுக்குழாயில் வெடிப்பு இல்லை, ஃபில்டரில் அடைப்பு இல்லை, ஒயர் சரி. அப்போ எண்ணுகிற ஆள்தான் தப்பாக எண்ணுகிறார். டர்போ நல்லாத்தான் இருந்தது. 38,000 ரூபாய் தப்பித்தது அந்த இடத்தில்தான்.

ஆறாவது, உறுதி செய்ய ஒரு சோதனை. சாவியை அணைத்து, சென்சார் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தோம். சென்சார் இல்லை என்று தெரிந்ததும் கம்ப்யூட்டர் தன்னிடம் இருக்கும் பொதுவான கணக்கை வைத்து ஓட்டும். எஞ்சின் லைட் எரிந்தது, ஆனால் வண்டி முன்னைவிட நல்லா இழுத்தது. தப்பாகச் சொல்கிற ஆளைவிட ஆளே இல்லாதது மேல் என்று ஆகிவிட்டது. ஒரு எச்சரிக்கை: சில வண்டிகள் இப்படிக் கழற்றினால் வேகத்தையே மட்டுப்படுத்திவிடும், அதில் இந்தச் சோதனை ஒத்து வராது. கழற்றியபடியே நாள்கணக்கில் ஓட்டவும் கூடாது. புகையைக் கட்டுப்படுத்தும் வேலை கெட்டுப்போகும்.

ஏழாவது, சுத்தம் செய்வது. உடனே புதுசு மாற்றவில்லை. இந்தச் சென்சாருக்கென்றே ஒரு ஸ்பிரே விற்கிறார்கள். அதை மட்டும்தான் அடிக்கணும். பெட்ரோல், கார்புரேட்டர் ஸ்பிரே கூடாது. துணியால் துடைக்கக் கூடாது, காற்றுப் பம்பும் வைக்கக் கூடாது. உள்ளே இருப்பது முடி போல மெல்லியது. அடித்துவிட்டு நல்லாக் காய்ந்த பிறகுதான் மாட்டணும். தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்தால் கம்பளி போர்த்தின மாதிரி ஆகிவிடும், காற்று பட்டாலும் ஆறாது, அதனால் குறைத்து எண்ணும்.

சுத்தம் செய்து ஓட்டினால் 380 என்பது 470 ஆனது. அப்போதுதான் “இனி மாத்துறதுதான் சரி” என்றார். புது சென்சார் 4,600 ரூபாய். விலை குறைந்த போலியும் கடையில் இருந்தது, வேண்டாம் என்றார். ஸ்கேன் செய்ய 500, ஸ்பிரே 450, ஃபில்டரும் கிளிப்பும் 400, கூலி 600. மொத்தம் 6,550. நோட்டில் இருக்கிறது.

ஃபில்டரையும் கிளிப்பையும் ஏன் மாற்றினோம்? அதுதான் மூல காரணம். மூடி படியாமல் தூசி போனதால்தான் சென்சார் கெட்டது. அதைச் சரி செய்யாமல் புதுசு மாட்டினால் அதுவும் சில மாதத்தில் அதே கதிதான். ஓட்டைப் பானையை அடைக்காமல் தண்ணீர் ஊற்றுகிற கதை.

மாட்டின பிறகு மறுபடியும் அதே ரோடு, அதே மூன்றாவது கியர். 590 வந்தது. பழைய எண்ணை அழித்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தோம், பி 0101 திரும்ப வரவில்லை. கார்த்திகை மாசக் கணக்கில் மைலேஜ் லிட்டருக்கு 17.8. அந்த மாசமும் தவணையை முதல் கூட்டத்திலேயே கட்டினேன்.

இதில் நான் பெருமைப்பட எதுவும் இல்லை, வேலை செய்தது அந்தத் தம்பி. ஆனால் நாம் செய்யக்கூடியது என்ன என்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். கார், லோடு வண்டி, டிராக்டர், எதுவானாலும் ஒர்க் ஷாப்பில் கேட்க ஐந்து கேள்விகள்.

ஒன்று, “இதுதான் கோளாறுன்னு எந்தச் சோதனையில தெரிஞ்சது?” இரண்டு, “கோளாறு எண் என்ன வந்தது? எழுதிக் கொடுங்க.” மூன்று, “அதே அறிகுறி வேற எதனால வரலாம்? அதையெல்லாம் பார்த்தாச்சா?” நான்கு, “இது ஏன் கெட்டுச்சு? மறுபடியும் கெடாம இருக்க என்ன செய்யணும்?” ஐந்து, “கழற்றின பழைய பாகத்தைக் கொடுங்க.” கோபமாகக் கேட்க வேண்டாம், அண்ணா, தம்பி என்று மரியாதையாகவே கேட்கலாம். நல்ல மெக்கானிக் இதற்குச் சந்தோஷமாகப் பதில் சொல்வார். எரிச்சல்படுகிற இடத்தில் பெரிய தொகை கொடுக்கும் முன் இன்னொரு இடத்தில் காட்டுங்கள்.

அடுத்து, வண்டிக் கடன் வாங்கின ஒவ்வொரு வீட்டிலும் ஒரு டீசல் நோட்டு வேணும். மைலேஜ் குறைவது காய்ச்சல் மாதிரி. எந்த நோய் என்று சொல்லாது, ஏதோ நோய் இருக்கு என்று சீக்கிரம் சொல்லிவிடும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். செல்போனோடு சேர்த்துக் கோளாறு எண் பார்க்கிற சின்னக் கருவி ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிறது. ஒர்க் ஷாப் ஸ்கேனர் அளவுக்கு எல்லாம் காட்டாது, ஆனால் எண் தெரிந்துகொள்ளப் போதும். கூட்டமைப்புப் பொது நிதியில் ஒன்று வாங்கி அலுவலகத்தில் வைத்தால், வண்டி வைத்திருக்கும் உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டு எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம். அடுத்த மாதக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எடுத்துக்கொள்ளும்படி எங்கள் குழு சார்பில் கேட்டுக்கொள்கிறேன். அதைப் பயன்படுத்துகிற விதத்தைச் சொல்லிக் கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வர அந்தத் தம்பியும் சம்மதித்திருக்கிறார்.